பழைய மாத்திரைக்குச் சொன்ன இளநீர்

மதினி,

மேலகரத்தைத் தாண்டும்போது இளநீர் சீவும் வாசனை வந்தாலே இப்போது எனக்கு ஆத்திரம் வருகிறது. சாரல் நேரத்தில் குற்றாலம் போகிறவர்கள் எல்லோரும் அந்தக் கடையில் நிற்கிறார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

இதயம் தளர்ந்து உங்கள் கால் வீங்கியபோது முதலில் கொடுத்த நீர் மாத்திரை, சிறுநீரோடு பொட்டாசியத்தையும் அள்ளிக்கொண்டு போவது. அதை ஈடுகட்ட, பொட்டாசியம் நிறைந்த இளநீர் குடிக்கச் சொன்னார்கள். சரி. பிறகு வேறொன்றுக்கு மாற்றினார்கள். அது உப்பையும் நீரையும் வெளியேற்றிவிட்டுப் பொட்டாசியத்தை மட்டும் உடம்பிலேயே நிறுத்திவைக்கும். தளர்ந்த இதயத்துக்கும், ஈரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கும், எதற்கும் அடங்காத ரத்தக் கொதிப்புக்கும் நல்ல மருந்துதான். மருந்தின் மேல் எனக்குக் கோபமில்லை. மாற்றி எழுதியவர்களுக்கு, "இனி இளநீர் வேண்டாம்" என்று சொல்ல வாயா வலித்தது?

பார்க்க வந்த சொந்தங்கள் சும்மாவா வந்தார்கள்? சுரண்டைச் சித்தி ஒரு குலை, பண்பொழிக்காரர்கள் ஒரு குலை. "குடிக்கலன்னா வருத்தப்படுவாவ" என்று நீங்களும் குடித்தீர்கள். யார் மனமும் நோகக் கூடாது உங்களுக்கு. அதற்காக உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான்.

பொட்டாசியம் ஏறியிருக்கிறதா என்று ஒரு வாரம் கழித்து ரத்தம் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். சர்க்கரை நோயால் உங்கள் சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுபட்டிருந்தது; மிஞ்சிய பொட்டாசியத்தை வெளியே தள்ள அதற்குத் தெம்பில்லை. அண்ணன் என்ன சொன்னான்?

"ஏட்டி, வீக்கந்தான் வத்திட்டுல்லா. பொறவு என்னத்துக்கு ரத்தம்?"

"கையுங்காலும் ஓஞ்சு வருது. ஒரு எட்டு போயிட்டு வந்துருவோமே" என்றீர்கள், மெதுவாக.

"கல்யாண வீடு முடியட்டும்."

யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்காக உங்கள் உயிர் காத்திருக்க வேண்டுமாம்! கல்யாணத்தன்று காலையில் மயங்கி விழுந்தீர்கள். தென்காசி ஆஸ்பத்திரியில் இசிஜியைப் பார்த்த டாக்டர், "இளநீர் நிறைய குடிச்சாங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறி நிற்கும் என்பதை, உங்கள் இதயம் நின்ற பிறகு எங்களுக்கு விளக்கினார்கள். அண்ணன் அதை விதி என்கிறான். விதியாம், விதி!

போன மாதம் ரத்தக் கொதிப்புக்கு எனக்கும் அதே மாத்திரையை எழுதினார்கள். எதைச் சாப்பிடக் கூடாது, ரத்தம் என்றைக்குப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"என்னத்துக்குட்டி இத்தன கேள்வி? டாக்டருக்குத் தெரியாதா?" என்றான் துணைக்கு வந்த அண்ணன்.

"மதினி மெதுவாக் கேட்டாவ, போய்ச் சேந்துட்டாவ. நான் சத்தமாத்தான் கேப்பேன்."

சொன்ன நாளில், விடிந்ததும் விடியாததுமாக, அவனே வண்டியோடு வந்து என்னை ரத்தம் பார்க்கக் கூட்டிப்போனான். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. உங்களுக்காக அன்று கிளம்பாத வண்டி அல்லவா, மதினி.