கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கவும்

ஜூன் 4, திங்கள்

அன்பு மகளுக்கு,

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்தது கீழே சரிகிறது. காலமெல்லாம் மெத்தையில் நேர்த்தையல் போட்ட கை, பேனாவைப் பிடித்தால் மட்டும் கோணுகிறது. ஆனால் ஒவ்வொரு எழுத்தும் நானே போட்டது. நான் எழுதப் படிக்கப் போகிற மாலை வகுப்பு டீச்சர் பார்த்துவிட்டு, "தாத்தா, இனிமே நீங்க வகுப்புக்கு வராட்டியும் பரவாயில்ல" என்று சொன்னார். வருவேன் என்று சொல்லிவிட்டேன்.

உன் போன கடிதத்தை ஒரே மூச்சில் படிக்கவில்லை. தினமும் கால் பக்கம். தீர்ந்துவிடக் கூடாதே என்றுதான். சின்ன வயதில் நீ கதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டு, முடிவை எல்லோருக்கும் சொல்லிக் கெடுப்பாயே, அந்த வேலை என்னிடம் நடக்காது.

இப்போது சங்கதி. நீ கல்யாணமாகிப் போனபோது பரணில் போட்டுவிட்டுப் போன கைவிளையாட்டுப் பெட்டியை எடுத்திருக்கிறேன். நீ மூக்குக்கண்ணாடியோடு அனுப்பிய குட்டி ஸ்க்ரூடிரைவர் அதன் திருகாணிக்கு அளவெடுத்த மாதிரி இருக்கிறது. கண்ணாடிக்கடையில் வேலை பார்க்கும் மகள் இருந்தால் அப்பனுக்கு என்ன குறை. உள்ளே தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. பொத்தான்களுக்கு அடியில் நீ என்றோ கொட்டிய சர்பத் பிசின் போல உறைந்து கிடந்தது. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்தும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷாலும் எல்லாம் சுத்தம் செய்தேன். இடது அம்புப் பொத்தான் மட்டும் இன்னும் அழுத்தினால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

மாடியில் குடியிருக்கும் வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, "பெரியவரே, இந்த வயசுல வீடியோ கேமா?" என்றான்.

"கேம் இல்லடா, வைத்தியம்."

"நோயாளி பொழைக்குமா?"

"உன்னை மாதிரி ஆளுங்க வாய வெக்காம இருந்தா பொழைக்கும்."

அடுத்த மாதம் நீங்கள் வரும்போது இது ஓட வேண்டும். போனில் என் முகத்தைப் பார்த்தாலே உன் மகள் ஓடிவிடுகிறாள். இதைக் கையில் கொடுத்தால் பக்கத்தில் உட்காருவாள். நான் எதுவும் பேச மாட்டேன், பார்த்துக்கொண்டிருப்பேன். அது போதும். அவளுக்கு மெத்தை தைக்கப் பஞ்சும் வாங்கிவிட்டேன். மூட்டைகள் என் கட்டிலைச் சுற்றித்தான் அடுக்கியிருக்கின்றன.

பெட்டிக்குள் பாட்டரி என்று ஒரு தட்டையான வெள்ளிப் பொட்டலம் இருக்கிறது. கொஞ்சம் வயிறு உப்பியிருக்கிறது. மழையில் ஈரம் ஏறி உப்பிய மெத்தை எத்தனை பார்த்திருக்கிறேன். வெயில் காட்டிப் பாரம் வைத்தால் அடங்கும். என் போன் சார்ஜர் இதற்குப் பொருந்துகிறது. அதனால் போனை அணைத்து வைத்திருக்கிறேன். எப்படியும் என் காதுக்குப் போன் கேட்பதில்லை. கடிதம் போடு.

உன் அன்பு அப்பா


ஜூன் 15, வெள்ளி

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்தே படித்தேன். வாடிக்கையாளர் ஒருவர், "என்ன மேடம், நல்ல செய்தியா?" என்று கேட்டார். "எங்கப்பா எழுதிருக்காரு" என்று அவரிடமே காட்டினேன். கோணல் வரிதான் எனக்குப் பிடித்திருக்கிறது. நேராக்கிவிடாதீர்கள்.

இங்கே எல்லோரும் நலம். உங்கள் மருமகனுக்கு விடுமுறை கிடைத்துவிட்டது. உங்கள் பேத்திக்குப் பெட்டியைப் பற்றிப் படித்துக் காட்டினேன். காது கேட்காதவள் மாதிரி படம் வரைந்துகொண்டிருந்தாள். பிறகு தூங்கப் போகும்போது, "அதுல பாம்பு கேம் இருக்கா? தாத்தாவுக்கு ஆடத் தெரியுமா?" என்றாள். தெரியாது என்றேன். "அப்போ நான் சொல்லித் தரேன்" என்றாள். இது அவளாகச் சொன்னது அப்பா, நான் சொல்லிக் கொடுத்ததல்ல.

பரண் ஏறும்போது ஜாக்கிரதை. மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மகள்

(கடைசிப் பக்கம்)

அப்பா, உறையை ஒட்டிவிட்டு மறுபடியும் பிரித்து இதை எழுதுகிறேன். எங்கள் கடைக்குப் பக்கத்தில் போன் ரிப்பேர் செய்பவரிடம் உங்கள் கடிதத்தைப் பற்றிச் சும்மா சொன்னேன். பாட்டரி உப்பியிருக்கிறது என்றதும் அவர் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டார்.

அதைத் தொடாதீர்கள். சார்ஜ் போடாதீர்கள். வெயிலில் வைக்கக் கூடாது, பாரம் ஏற்றக் கூடாது, ஊசியோ கத்தியோ படவே கூடாது. உள்ளே இருப்பது நெருப்புப் பிடிக்கிற சரக்காம். ஒரு நொடியில் சீறிக்கொண்டு எரியுமாம். பெயிண்டில் கலக்கிற தின்னர் மாதிரி இனிப்பான வாசம் வந்தால் உடனே வெளியே வந்துவிட வேண்டுமாம். உங்கள் அறை முழுக்கப் பஞ்சு அப்பா.

பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, மாடி வாட்ச்மேனைக் கூப்பிட்டு இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். நீங்கள் போனை அணைத்து வைத்திருப்பதால் எத்தனை முறை கூப்பிட்டும் கிடைக்கவில்லை. வாட்ச்மேன் நம்பர் என்னிடம் இல்லை. நீங்கள் கால் பக்கமாகப் படிப்பது தெரிந்துதான், இந்தப் பக்கத்தை முதலில் படிக்கச் சொல்லி உறையின் மேலேயே எழுதி அனுப்புகிறேன்.


ஜூன் 25, திங்கள்

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. உறையின் மேல் சிவப்பு மையில், 'கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கவும்' என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் சிரித்துவிட்டேன். கல்யாணமாகிக் குழந்தை பெற்றும் உன் பழைய புத்தி போகவில்லை. நான் ஏமாற மாட்டேன். முதல் வரியிலிருந்துதான் வருகிறேன். கடைசித் தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

இன்று பேத்தி சொன்னது வரை வந்துவிட்டேன். 'அப்போ நான் சொல்லித் தரேன்.' அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். டீச்சருக்குப் படித்துக் காட்டினேன், வாட்ச்மேனுக்கும் படித்துக் காட்டினேன். இதற்கு மேல் இன்றைக்கு வேண்டாம் என்று மூடி வைத்துவிட்டேன்.

பெட்டிக்கு உயிர் வந்துவிட்டது மகளே. திரை எரிந்தது. பாம்பு இருக்கிறது. வலது பக்கம் நன்றாகப் போகிறது. இடது பொத்தானையும் ஸ்பிரிட் விட்டுச் சரி செய்துவிட்டேன். ஆனால் சீக்கிரம் அணைந்துவிடுகிறது, அதனால் சார்ஜரைப் பிடுங்குவதே இல்லை. மத்தியானம் படுக்கும்போது பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன், பூனைக்குட்டி மாதிரி கதகதவென்று கிடக்கிறது.

பாட்டரியின் வயிறுதான் அடங்க மாட்டேன் என்கிறது. மொட்டைமாடி வெயிலில் வைத்தேன், இஸ்திரிப் பெட்டியைப் பாரமாக வைத்தேன். இன்னும் பெருத்துவிட்டது. மூடி பொருந்தாததால் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருக்கிறேன். வாட்ச்மேன் நேற்று வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினான். "என்ன பெரியவரே, நகப்பாலீஷ் வாசம் அடிக்குது?"

"உன் பெண்டாட்டி இந்தப் பக்கம் வந்தாளோ என்னமோ" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

எனக்கு வழி தெரியும். ரெக்சின் உறை போட்ட மெத்தையில் காற்று அடைத்துக்கொண்டால் ஊசியால் ஒரே ஒரு துளை குத்துவோம், புஸ்ஸென்று அடங்கிவிடும். பெரிய ஊசியைத் தேய்த்து வைத்திருக்கிறேன். நாளைக் காலை கட்டிலில் உட்கார்ந்து, நல்ல வெளிச்சத்தில் அந்த ஒரு வேலையை முடித்துவிட்டால் பெட்டி தயார். அவள் வந்து சொல்லித் தர வேண்டியதுதான் பாக்கி.

வெள்ளிக்கிழமைக்குள் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிடுவேன். அதில் என்ன குறும்பு எழுதியிருந்தாலும் சரி, அடுத்த வாரம் உட்கார்ந்து வரிக்கு வரி பதில் எழுதுகிறேன்.

உன் அன்பு அப்பா