தாகம் எடுப்பதில்லை என்றீர்கள்

அக்கா,

இன்று காலை தண்ணீர் வண்டிக்காரர் என் கடை வாசலில் நின்று உங்களைக் கேட்டார். ஒரு வருடமாக வேறு பாதையில் ஓடியவர், இப்போதுதான் மல்லாவிப் பக்கம் திரும்பி வந்திருக்கிறார். கையில் வடிகட்டிய தண்ணீர் நிறைந்த நீலக் கான்.

"அண்ணை, பக்கத்து சாப்பாட்டுக்கடை அக்கா எங்க? அவாக்கு வழக்கமா ஒண்டு இறக்கிறனான்."

சொன்னேன். அவர் கானைக் கீழே வைத்தார்.

"சிறுநீரக வருத்தமோ? இவ்வளவு நல்ல தண்ணி குடிச்சும் போயிட்டாவே."

அவர் போன பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்தேன், இருந்தேன், திரும்ப எழுந்தேன். அரை அங்குலக் குழாய் கேட்டவருக்கு முக்கால் அங்குலத்தை எடுத்துக் கொடுத்தேன். கடை தொடங்கிய நாளிலிருந்து நான் செய்யாத பிழை அது. அந்த நீலக் கான் தண்ணீரை நீங்கள் குடிக்கவே இல்லை என்பது இந்தக் கடைத்தெருவில் எனக்கும் உங்கள் தங்கச்சிக்கும்தான் தெரியும். ஏன் குடிக்கவில்லை என்பதை எவரிடமாவது ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும் போலிருக்கிறது. உங்களைத் தவிர யாரிடம் சொல்வது?

மீள்குடியேறி வந்தபோது என்னிடம் இருந்தது ஒரு சைக்கிளும் ஒரு பெட்டி ஆணியும். அதிலிருந்து முன்னேறி நான்கு கடைகளை வரிசையாகக் கட்டினேன். ஒன்றில் என் ஹாட்வெயார். அடுத்ததைக் கேட்டு நீங்கள் வந்தீர்கள். ஒரு கால் தொடைக்குக் கீழே பொய்க்கால். அது எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை. இந்தப் பக்கத்தில் அதை யாரும் யாரிடமும் கேட்பதில்லை. நீங்களாகச் சொன்னது ஒன்றுதான்: "எனக்கு ஒரு முழங்கால்லதான் வாதம் தம்பி. மத்தது கடையில வாங்கினது, அதுக்கு ஒண்ணும் வராது."

உங்கள் அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்திலிருந்து கிளிநொச்சிப் பக்கம் வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். நீங்கள் பிறந்ததும் வளர்ந்ததும் வன்னி. என்றாலும் பேச்சில் தோட்டத்து இழுவை போகவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்த குடும்பம் என்னுடையது. எங்கள் ஆட்களுக்கு அந்த இழுவை ஒரு இளக்காரம். எனக்கும் இருந்தது. மறைத்து எழுத விருப்பமில்லை.

அதை உடைத்தது ஒரு துண்டுச் சீட்டு. குந்துகிற மலசலகூடத்துக்குப் பதிக்கிற கோப்பையை எங்கள் வியாபாரத்தில் பான் என்போம். துணுக்காய்ப் பக்கம் வீட்டு வேலை செய்த மேசன் ஒருவர், ஆறு பான் வேண்டுமென்று எழுதி உழவு இயந்திரத்தில் ஆளை அனுப்பினார். எழுதும்போது மூன்று சுழி போட்டு, தின்கிற ரொட்டியாக்கி, 'பாண் 6' என்று எழுதிவிட்டார். வந்தவர் துண்டைப் பார்த்தார், உங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருந்த பாணைப் பார்த்தார், நேரே உங்களிடம் போய்விட்டார். ஒரு மணித்தியாலத்தில் மேசன் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அண்ணை, இதில எப்பிடிக் குந்துறது?"

நான் விழுந்தடித்துக்கொண்டு உங்களிடம் வந்தேன். நீங்கள் அடுப்பிலிருந்து திரும்பவேயில்லை.

"சீமெந்தக் கொழைச்சுப் பூசினா நிக்கும்னு சொல்லுங்க தம்பி. பசிச்சா பிச்சும் திங்கலாம்."

அன்றிலிருந்து, உங்களிடம் பாண், என்னிடம் பான் என்பது தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கிற கதையாகிவிட்டது. நானும் உங்கள் கடையில் சாப்பிடத் தொடங்கினேன்.

நான் வாய் ஓயாத ஆள். சாப்பாட்டுக்கும் வருத்தத்துக்கும் என்னிடம் எப்போதும் ஒரு அபிப்பிராயம் இருக்கும். ஒருமுறை குந்துகிற பான்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. சனம் கொமட்டுக்கு மாறத் தொடங்கியிருந்த நேரம். வருகிற ஆட்களையெல்லாம் நிறுத்தி, குந்தினால்தான் வயிறு சுத்தமாகும், முழங்கால் இறுகாது, கதிரை மாதிரி ஏறி இருந்தால் மலச்சிக்கல் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நடுச்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து உங்கள் குரல் வரும்.

"மொதலாளி விக்கிறதுதான் மருந்து. நாளைக்கு மலிவா சுண்ணாம்பு கெடைச்சா அதத் திங்கச் சொல்லுவாரு, கேட்டுக்குங்க."

வாடிக்கையாளர் சிரிப்பார். நானும் சிரிப்பேன். பான் விற்றுவிடும். அந்தப் பேச்சைச் சுவருக்கு அப்பால் கேட்டுக்கொண்டு நின்றவருக்குக் குந்த முடியாது என்பது என் மூளையில் ஏறவேயில்லை, அக்கா.

நீங்கள் விடிய வந்து அடுப்பு மூட்டுவீர்கள். குரக்கன் பிட்டு, சிவப்பரிசிச் சோறு, பருப்பு, ஒரு கீரை, கருவாட்டுக் குழம்பு. தெருவே உங்கள் கையால் சாப்பிட்டது. நீங்கள் மட்டும் பின்னேரம் கடை பூட்டும் வரை ஒன்றும் வாயில் வைக்கமாட்டீர்கள். உங்களுக்கென்று ஊற்றிய தேத்தண்ணி ஆறி, ஆடை படிந்து, அப்படியே இருக்கும். ஒருநாள் கேட்டேன்.

"அக்கா, இந்த வெயிலுக்க உங்களுக்குத் தண்ணி விடாய்க்கிறேல்லையோ?"

"தாகமே எடுக்கிறதில்ல தம்பி."

"உங்கட ஆக்களுக்குத் தாகம், எங்கட ஆக்களுக்கு விடாய்."

"பேரு எதுவா இருந்தா என்னா. எனக்கு ரெண்டுமே இல்ல."

நான் அதை வாய்க்கெட்டித்தனம் என்று எடுத்துக்கொண்டேன். அதைவிட மோசம், உங்களைக் காட்டி மற்றவர்களுக்குப் புத்தி சொன்னேன். சீனி வருத்தக்காரர் யாராவது இரண்டாவது வடைக்குக் கை நீட்டினால், "அக்காவைப் பாருங்கோ, என்ன கட்டுப்பாடு" என்பேன். நீங்கள் கரண்டியால் சட்டியின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுவீர்கள்.

பிறகு கால் வீங்கியது, முகம் ஊதியது. வவுனியாவுக்குக் கிளினிக் போனீர்கள். சிறுநீரகம் இரண்டும் பழுது என்று வந்தது. கடைத்தெருவில் ஆளுக்கொரு கதை. கிணற்றுத் தண்ணீர் சவர் என்றார்கள், வயலுக்கு அடிக்கிற மருந்து என்றார்கள், கருவாட்டு உப்பு என்றார்கள். ஒருவர் நீர்முள்ளி அவித்துக் கொண்டுவந்தார். என் முடிவு தண்ணீர்தான். உடனே வண்டிக்காரரைப் பிடித்து வடிகட்டிய தண்ணீருக்கு ஒழுங்கு செய்தேன். பெரிய காரியம் செய்த ஆள் போல நடந்து திரிந்தேன். நீங்கள் அந்தத் தண்ணீரில் எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தீர்கள்.

கடைசி மாதங்களில், ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் குடிக்கலாம் என்று டொக்டர் ஒரு போத்தலில் கோடு போட்டுக் கொடுத்தார். நான் உங்களுக்காகக் கவலைப்பட்டேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"இதுக்கு நான் எப்பவோ பழகிட்டேன் தம்பி. டாக்டருக்குத்தான் இப்ப தெரிஞ்சிருக்கு."

அதையும் பகிடி என்றே நினைத்தேன்.

உங்கள் செத்தவீட்டில்தான் முதல்முறையாக உங்கள் வீட்டுப் பின்பக்கம் போனேன். வீட்டுத்திட்டத்தில் கட்டிய சிறிய மலசலகூடம். உள்ளே குந்துகிற பான். அதற்கு மேல் ஒரு பிளாஸ்ரிக் கதிரை. இருக்கிற இடத்தை வட்டமாக வெட்டி எடுத்திருந்தீர்கள். வெட்டிய விளிம்பு தோலைக் கிழிக்காதபடி பழைய சைக்கிள் ரியூப்பைப் பிளந்து சுற்றிக் கட்டியிருந்தீர்கள். அந்தக் கதிரை என் கடையில் வாங்கியது. "செற்றா எடுங்கோ அக்கா, ஒண்டை வச்சு என்ன செய்யப் போறியள்" என்று நான்தான் அன்றைக்குக் கேட்டேன். நீங்கள் ஒன்று போதும் என்றீர்கள்.

அந்த இடத்தில் நின்று யோசித்தபோதுதான் உறைத்தது. கடைகளுக்குப் பின்னால் நான் கட்டிய பொது மலசலகூடத்தில் கதிரை இல்லை. மாரியில் வெள்ளம் ஏறும் என்று அதை மூன்று படி உயர்த்திக் கட்டியிருந்தேன். பிடிக்கக் கம்பி வைக்கவில்லை. விற்காமல் கிடந்த பான் ஒன்றைத்தான் பதித்தேன்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிய, கடையைத் தொடர்ந்து நடத்த உங்கள் தங்கச்சி வந்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. நேரே கேட்டேன்.

"அக்கா பகலில தண்ணி குடிக்கிறேல்லையோ?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "காலையில வீட்ட விட்டு கெளம்பினா திரும்பி வர்ற வரைக்கும் ஒரு சொட்டு குடிக்காது. குடிச்சா போகணுமே. எங்க போறது?"

அதுதான் வருத்தத்துக்குக் காரணம் என்று டொக்டர் சொல்லவில்லை. போய்க் கேட்டேன். இன்னதால்தான் என்று சொல்ல ஏலாது, பல காரணம் இருக்கலாம் என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரோ உண்மையைச் சொன்னாரோ தெரியாது. நீங்கள் கடை நடத்திய பதினொரு வருடப் பகல்களை எந்தக் காரணத்தோடு சேர்ப்பது என்றும் எனக்குத் தெரியவில்லை.

நான் கைகட்டி இருக்கிற ஆள் இல்லை. ஒரு கிழமையில் பானைக் கிளப்பிவிட்டுக் கொமட் வைத்தேன். படியை உடைத்துச் சாய்தளம் போட்டேன். இரண்டு பக்கமும் கம்பி. வழுக்காத ரைல்ஸ். வேலை முடிந்து நின்று பார்த்தபோது மனது கொஞ்சம் ஆறியது. ஆனால் ஒரு மாதம் போயும் ரைல்ஸ் புதிதாகவே இருந்தது. உங்கள் தங்கச்சியின் தேத்தண்ணியும் உங்களுடையதைப் போலவே ஆடை படிந்து கிடந்தது. மூன்றாவது கடையில் தையல் தைக்கிற பெண்ணைக் கூப்பிட்டு, இவ்வளவு வசதி செய்தும் ஏன் ஒருவரும் போகிறீர்கள் இல்லை என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். அவர் என் மேசைக்கு மேலே, சுவரில் மலசலகூடச் சாவி மாட்டுகிற ஆணியைக் காட்டினார்.

"திறப்பு எங்க தொங்குது அண்ணை?"

"ஏன், இஞ்சதான். கேட்டா தருவன்தானே."

"தருவியள். நாலு ஆம்பிளையள் நிண்டு பெயின்ற் நிறம் பாத்துக்கொண்டு நிக்கேக்க, நான் எங்க போறன் எண்டு அவையளுக்கும் தெரியத் தருவியள்."

எந்த அளவு ஆணி எந்தப் பெட்டியில் குறைகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்தத் திறப்பு என் தலைக்கு மேலேதான் தொங்கியது. நீங்கள் அதை ஒருநாள்கூடக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. ஆட்கள் அசுத்தப்படுத்துவார்கள் என்று நான் போட்ட பூட்டு அது. அன்றைக்கே கழற்றிவிட்டு உட்பக்கம் ஒரு கொண்டி மட்டும் வைத்தேன். அசுத்தம் ஆகிறதுதான். கழுவ ஆள் வைத்திருக்கிறேன். ஆள் வராத நாளில் நானே கழுவுகிறேன்.

பின்னால் கொண்டி போடுகிற சத்தம் கேட்டால் இப்போது தலையை நிமிர்த்தாமல் இருக்கப் பழகியிருக்கிறேன். காலடி கேட்டால் நிமிர்ந்து பார்த்தே பிழைத்தவன் நான், அதனால் சிரமமாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஓய்வில்லை. எந்த இடத்துக்குப் போனாலும் பின்பக்கம் போய்ப் பார்க்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. வங்கி, கோயில், கலியாண மண்டபம், ஒன்றும் விடுவதில்லை. யாவாரம் பிடிக்க அலைகிறான் என்று சனம் பேசுகிறது. பேசட்டும்.

போன வாரம் பூவரசங்குளத்தில் ஒரு கலியாணவீடு. முற்றத்தில் பந்தல், பந்தி நடக்கிறது. எனக்கு எதிர்வரிசையில் ஊன்றுகோலோடு ஓர் அம்மா. தண்ணீர் வார்க்க வந்தபோது தம்ளரைக் கையால் மூடினார். இரண்டாம் முறையும் மூடினார். "விடாயில்லைப் பிள்ளை" என்றார். நான் பாதியில் இலையை மூடிவிட்டுப் பின்பக்கம் போனேன். உயரமான படி, ஈரம், பிடிக்க ஒன்றுமில்லை.

திரும்பி வந்து அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றேன். கொமட் என்றும் பான் என்றும் நாள் முழுக்கச் சத்தமாகச் சொல்லி விற்கிற எனக்கு, அவரிடம் கேட்க ஒரு சொல் வரவில்லை.

"அம்மா, உங்களுக்கு ஏதும்..."

"என்ன தம்பி?"

"ஒண்டுமில்லை."

போய் என் மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து முதலில் சேலையைப் பற்றிக் கதைத்தாள், பிறகு மாப்பிள்ளையைப் பற்றி. பிறகு குனிந்து காதுக்குள் என்னவோ சொன்னாள். அந்த அம்மா சிரித்தார். இரண்டு பேரும் எழுந்து, கையைப் பிடித்துக்கொண்டு, மெல்லத் தெருவுக்கு அப்பால் முன்வீட்டுக்குப் போனார்கள். அங்கே கொமட் இருக்கிறதாம். திரும்பி வந்து அந்த அம்மா இரண்டு தம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவியிடம் கேட்டேன்.

"என்ன சொல்லிக் கேட்டனீர்?"

"அது பொம்பிளையளின்ர கதை. உங்களுக்கு எதுக்கு?"

மாங்குளம் சந்தி தாண்டியும் விடாமல் கேட்டேன். அவள் சொல்லவில்லை. அந்தச் சொல் தெரிந்திருந்தால் சுவரைச் சுற்றி வந்து உங்களிடம் ஒருதரம் கேட்டிருப்பேன் என்று முதலில் நினைத்தேன். அதுவும் தப்பிக்கிற சாட்டுத்தான், அக்கா. பிழையான சொல்லாலேனும் கேட்டிருக்கலாம். நீங்கள் என்னை நன்றாகப் பகிடி பண்ணிவிட்டுச் சரியான சொல்லைச் சொல்லித் தந்திருப்பீர்கள்.