இடது கீழ் மூலை

6 நவம்பர் 2024, புதன்

சிந்தாதிரிப்பேட்டைக்குப் போய் கேமராவைத் திரும்ப வாங்கி வந்தேன். வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தால் இடது கீழ் மூலை சரியாகப் பிடிபடவில்லை, உள்ளே தூசு படிந்திருக்கும் என்று கொடுத்திருந்தேன். ரிப்பேர் கடை பாலு பிரித்துத் துடைத்து வைத்திருந்தார்.

"ஒண்ணுமே இல்லக்கா. கண்ணாடியாட்டம் கீது. நீங்க சொன்ன மூலைல ஒரு பொட்டு தூசு இல்ல."

வாங்கிப் பார்த்தேன். முன்பு இருந்தது போலவேதான் இருந்தது. சரியாயிடுச்சு என்று சொல்லிவிட்டேன். பதினான்கு வருடமாக இவரிடம்தான் கொடுக்கிறேன். வேலை தெரியாதவர் இல்லை.

கிளம்பும்போது சொன்னார்: "இதுக்கு பார்ட்ஸ் வர்றதே நின்னுடும்க்கா. எல்லாரும் மிரர்லெஸ்ஸுக்குப் போய்க்கினு கீறாங்க. நீங்களும் மாறிடுங்க."

ஐம்பத்தெட்டு வயதில்?

9 நவம்பர், சனி

மயிலாப்பூரில் வைதேகி வீட்டுக்குப் போனேன். நான் எடுக்கும் கல்யாணப் படங்களைத் திருத்தி ஆல்பமாக்குவது இருபத்திரண்டு வருடமாக அவள்தான். மிரர்லெஸ், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத புது வகைக் கேமரா பற்றிப் பேசினோம்.

வாங்கலாம் என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன. எடை பாதி. நிக்காஹ் ஓதும்போது சத்தம் வராது. ஆளின் கண் எங்கே இருக்கிறது என்று தானே கண்டுபிடித்து ஃபோகஸ் செய்துகொள்ளுமாம். வேண்டாம் என்பதற்கு ஒரே காரணம்தான்: பழைய கேமராவில் எந்தப் பொத்தான் எங்கே என்று என் விரலுக்குத் தெரியும். புதிதில் நான் புது ஆள்.

"வாங்கிடு ஹானி. யோசிச்சுண்டே உக்காந்திருக்காதே. இந்த சீசனுக்கு முன்னாடியே வாங்கிடு."

ஒரு பை வாங்குவதென்றாலும் எதுக்கு என்று கேட்கிறவள். ஏன்டி இவ்வளவு அவசரம் என்றேன். சும்மாதான் என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

17 நவம்பர், ஞாயிறு

ஆயத் என்ற பெண்ணுக்குக் கல்யாணம். பழைய கேமராதான் கொண்டுபோனேன். பெண்கள் பக்கத்தில் யாரும் போனை வெளியே எடுக்கக் கூடாது என்று வீட்டார் முன்பே சொல்லிவிட்டார்கள். மொத்தக் கூடத்துக்கும் என் கேமரா ஒன்றுதான்.

ஆயத்தின் அம்மா அஸ்மத்துன்னிசா வீல்சேரில். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். பச்சைப் புடவை கட்டி, அந்த ஒடிசலான கைகளில் வளையல் நிறையப் போட்டுக்கொண்டு மகள் பக்கத்திலேயே இருந்தார். நான் கேமராவைத் தூக்கும்போதெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்து சிரித்தார். நடுவில் என் கையைப் பிடித்து, "என்னை விட்டுடாதீங்கம்மா," என்றார்.

விடுவேனா என்றேன்.

20 நவம்பர், புதன்

மெமரி கார்டை வைதேகியிடம் கொடுத்தேன். எப்போதும் உடனே போட்டுப் பார்ப்பாள். இன்று அப்புறம் பாக்கறேன் என்று மேஜையில் வைத்துவிட்டாள்.

28 நவம்பர், வியாழன்

காலை ஆயத்தின் அத்தா, அஸ்மத்துன்னிசாவின் கணவர் ஜவஹர் பாய் போன் செய்தார். அஸ்மத்துன்னிசா நேற்று இறந்துவிட்டார். இன்னாலில்லாஹி. கல்யாணம் முடிந்து பத்தே நாள்.

"ஆல்பம் மெதுவா வரட்டும்மா. ஆயத்தும் அவ அம்மியும் சேர்ந்து இருக்கற படம் ஒண்ணு மட்டும் முதல்ல அனுப்புங்க. அதையே கேட்டு அழுவுது."

இன்றே அனுப்புகிறேன் என்றேன்.

வைதேகிக்குச் சொன்னேன். "நாளைக்கு ஆத்துக்கு வா," என்றாள். வந்து? "வா, சொல்றேன்."

29 நவம்பர், வெள்ளி

எழுத வரவில்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

மேடையில் எடுத்தது அத்தனையும் பார்த்தோம். ஆயத் நடுவில் அழகாக இருக்கிறாள். வலது பக்கம் அக்கா, சித்தி, எல்லோரும் முழுதாக இருக்கிறார்கள். இடது பக்கம் — ஒரு சக்கரம். பச்சைப் புடவையின் ஓரம். ஒரு படத்தில் ஆயத்தின் தோளில் ஒரு கை, வளையலோடு. முகம் இல்லை. ஒன்றில்கூட முகம் இல்லை. அந்த அம்மா ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து உட்கார்ந்து சிரித்தது எனக்குத் தெரியும். கேமராவைத் தூக்குவதற்கு முன்னால் பார்த்தேன், இறக்கியதும் பார்த்தேன். நடுவில்?

வைதேகி திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஒரு வருஷமா இப்படித்தான் ஹானி. இடப்பக்கம் வெட்டிண்டே வரது. பக்கத்துப் படத்துலேர்ந்து எடுத்து ஒட்டிடுவேன். யாருக்கும் தெரியாம சரி பண்ணிடுவேன். கேமராவா, நீயான்னு எனக்குத் தெரியலை. உன்கிட்ட கேக்க பயமா இருந்தது."

"இப்பவும் ஒட்டேன்டி."

"எதை வச்சு ஒட்டறது? அவா எதுலயுமே இல்லையே."

அவளைத் திட்டிவிட்டேன். ஒரு வருஷம்டி! ஒரு வருஷமா என்னைக் குருடியாட்டம் நடத்தியிருக்கே! — வாயில் அந்த வார்த்தை எப்படி வந்தது? பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜவஹர் பாய் நான்கு முறை அழைத்திருக்கிறார். எடுக்கவில்லை.

2 டிசம்பர், திங்கள்

கேமராதான். பழைய கேமராவின் கோளாறுதான். அந்த நம்பிக்கையோடு தி. நகரில் ஒரு கேமராக் கடைக்குப் போனேன். பிரபு என்று ஒரு பையன், முப்பது வயது இருக்கும், பொறுமையாகக் காட்டினார். மிரர்லெஸ்ஸில் கண்ணை வைத்தேன். என்ன வெளிச்சம், என்ன தெளிவு! அப்பாடா என்று இருந்தது.

"பேட்டரி எவ்வளவு காட்டுது மேடம்?"

"எங்கே?"

"லெஃப்ட்ல, கீழ் மூலைல."

"அங்க ஒண்ணும் இல்லையே. உங்க டிஸ்ப்ளேல ஏதோ ஃபால்ட் இருக்கு."

அவர் வாங்கிப் பார்த்தார். பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்துத் தந்தார். அதிலும் இல்லை. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மேடம், இன்னொரு கண்ணை வச்சுப் பாருங்களேன்."

இடது கண்ணை வைத்தேன். எழுபத்து நான்கு என்று பளிச்சென்று இருந்தது.

அப்புறம் வரேன் என்று வெளியே வந்துவிட்டேன். பனகல் பார்க்கில் உட்கார்ந்து இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டேன். எதிரே பெஞ்சில் ஒரு புருஷன் பெண்டாட்டி. அவன் முகத்தைப் பார்த்தால் அவள் இல்லை. இருட்டாகத் தெரியவில்லை. கறுப்பாகவும் இல்லை. அந்த இடமே இல்லை. மரமும் புல்லும் வந்து மூடிக்கொள்கிறது. கையை எடுத்தால் அவள் கடலை தின்றுகொண்டிருக்கிறாள்.

எத்தனை நாளாக இப்படி? யாரையெல்லாம் விட்டேன்?

5 டிசம்பர், வியாழன்

டாக்டரிடம் போகவில்லை. போர்வைகளையெல்லாம் துவைத்துப் போட்டேன்.

11 டிசம்பர், புதன்

வைதேகிதான் வந்து இழுத்துக்கொண்டு போனாள், அடையாறு கண் ஆஸ்பத்திரிக்கு. வழியில் இரண்டு பேரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆட்டோவில் என் பையை அவள் மடியில் வைத்துக்கொண்டாள்.

கிண்ணம் போல வெள்ளையாக ஒரு கருவி. அதில் முகவாயை வைத்து, ஒரு கண்ணை மூடி, நேராகப் பார்க்க வேண்டும். சுற்றிலும் புள்ளியாக வெளிச்சம் வரும். வரும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். வலது கண்ணைச் சோதிக்கும்போது இடையில் ரொம்ப நேரம் ஒரு புள்ளிகூட வரவில்லை. கருவி நின்றுவிட்டது என்று நினைத்தேன். ஆனால் உள்ளே அது டிக் டிக்கென்று வேலை செய்துகொண்டேதான் இருந்தது.

டாக்டர் மஹதி சின்ன வயதுதான். சுற்றி வளைக்கவில்லை. கண் அழுத்தம். வலது கண்ணில் நரம்பு நிறையப் போய்விட்டது. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒன்று விட்டதை இன்னொன்று நிரப்பிவிடும், அதனால்தான் எனக்குத் தெரியவில்லையாம். போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து, தினமும், ஆயுசு முழுக்க. இடது கண்ணிலும் லேசான ஆரம்பம்.

"வீட்ல யாருக்காவது இருந்துதாம்மா?"

என் அத்தாவுக்குக் கடைசி ஆறு வருடம் பார்வை கிடையாது. வயசு என்று நாங்களே முடிவு கட்டி, சுவரோரமாக ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தோம். யாரும் எந்த டாக்டரையும் கேட்கவில்லை.

அதைச் சொல்லாமல், "மிரர்லெஸ் வாங்கலாமா டாக்டர்?" என்று கேட்டேன். பைத்தியக்காரத்தனமாக. அவர் சிரிக்கவில்லை. "கேமரா உங்க இஷ்டம். வலது கண்ணால மட்டும் பார்த்து எடுக்காதீங்க."

22 டிசம்பர், ஞாயிறு

ஆயத் வீட்டுக்கு நானே போனேன். என் வீட்டுக்காரர் அப்துல் சமத், நானும் கூட வரேன் என்றார். இது என் வேலை, நானே சொல்கிறேன் என்று அவரை எங்கள் வீட்டு வாசலோடு நிறுத்திவிட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணைப் பற்றியும் சொன்னேன், ஆனால் அதைச் சாக்காகச் சொல்லவில்லை என்றும் சொன்னேன். ஜவஹர் பாய் தலையைக் குனிந்துகொண்டு, "அல்லாஹ் நாடினது அவ்வளவுதாம்மா," என்றார்.

ஆயத் அழவில்லை. "அம்மி ஒவ்வொரு தடவையும் உங்களைப் பார்த்து சிரிச்சாங்க ஆன்ட்டி. நான் பக்கத்துலதானே இருந்தேன்."

"பார்த்தேன்மா."

"பார்த்தீங்கல்ல?"

அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்விட்டாள். தோளில் கை இருக்கும் படத்தைப் பெரிதாகப் போட்டு உறையில் கொண்டுபோயிருந்தேன். மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். நான் செருப்பு மாட்டும்வரை அவள் வெளியே வரவில்லை.

19 ஜனவரி 2025, ஞாயிறு

மிரர்லெஸ் வாங்கிவிட்டேன். பின்பக்கத் திரையை வெளியே மடக்கி, நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, இரண்டு கண்ணாலும் பார்த்து எடுக்கிறேன். டூரிஸ்ட் மாதிரி இருக்கிறது. எடுப்பதற்கு முன் இடமிருந்து வலமாக வாய்விட்டு ஆட்களை எண்ணுகிறேன். போன வாரம் ஒரு மணப்பெண் சிரித்துவிட்டாள். சிரிக்கட்டும்.

ஆயத்திடமிருந்து ஒரு வார்த்தையும் இல்லை. எதிர்பார்ப்பதும் தப்பு.

16 ஜூன், திங்கள்

ஆறு மாதம் கழித்து மறுபடி அந்தப் பரிசோதனை. டாக்டர் டிசம்பர் தாளையும் இன்றைய தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வலது கண் அப்படியே நிற்கிறது. இடது கண்ணில் மேல்பக்கம் கறுப்பு கொஞ்சம் பரவியிருக்கிறது. மருந்தை மாற்றியிருக்கிறார். செப்டம்பரில் வரச் சொன்னார்.

சாயங்காலம் வேளச்சேரியிலிருந்து ஒரு அம்மா போன். மகளுக்கு டிசம்பரில் நிக்காஹ். பெண்கள் பக்கத்துக்கு நீங்கதான் வேணும், இப்பவே சொல்லி வச்சிடறோம் என்றார்.

"செப்டம்பர் கடைசில கூப்பிடுங்கம்மா. அப்ப சொல்றேன்."

"ஏன்ம்மா, அன்னைக்கு வேற கல்யாணம் ஒத்துக்கிட்டீங்களா?"

"இல்லம்மா."

அவர் காத்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கும் இன்னொருத்தங்க நம்பர் தரேன்," என்றேன். "எழுதிக்கறீங்களா?"