பன்னிரண்டு பேரும் இரண்டு வலையும்

செவ்வாய்க்கிழமை

எங்கள் ஆய்வுத் தலைவர் இன்று எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டு சொன்னார்: "நறுவிலிக்குளத்து வயலுக்கை நிண்ட உமக்கு நண்டுக் கணக்கு விளங்காது, பிள்ளை."

நான் சொன்னது ஒன்றுதான். வங்காலையில் அதே பன்னிரண்டு மீனவர்கள்தான் முதலில் பழைய வலையாலும் பிறகு புதிய வலையாலும் நண்டு பிடித்தார்கள். ஒவ்வொருவரையும் அவரோடேயே ஒப்பிடும் சோடிச் சோதனைதான் இதற்குப் பொருந்தும். அவரோ அவர்களை இருபத்துநான்கு ஆட்களாக்கி, இரண்டு வலைக்கும் வித்தியாசம் இல்லை என்று முடித்துவிட்டார். வித்தியாசம் இல்லையென்றால் அவர்களுக்குப் புதிய வலையும் இல்லை.

"அறிக்கையிலை நான் சொன்னதை மட்டும் எழுதும்" என்றார். எழுதினேன். "அதே பன்னிரண்டு பேரிடம் இருமுறை அளக்கப்பட்டது. அவர்களை வெவ்வேறு ஆட்களாகக் கொள்ளும் சோதனையைத் தெரிவு செய்தவர் ஆய்வுத் தலைவர்." இரண்டு வசனமும் அடுத்தடுத்து நிற்கின்றன. வெளியிலிருந்து அறிக்கையைச் சரிபார்க்கிறவர் அரைக் கண்ணால் பார்த்தாலே பிடித்துவிடுவார். அப்போது இவர் முகம் போகிற போக்கை நினைக்கவே இனிக்கிறது.

திருத்தச் சொல்லி அறிக்கை திரும்பி வரும்வரை வலை பிந்தினால் அந்தப் பன்னிரண்டு பேரும்… அதை நாளைக்கு யோசிக்கலாம்.

"எல்லாம் சரியோ?" என்று கேட்டார்.

"ஓம் சேர், நீங்கள் சொன்னபடிதான்."

வாசிக்காமலே கையெழுத்து வைத்தார். பேனை நான் கொடுத்தது. இதையும் அதே பேனையால்தான் எழுதுகிறேன்.