ஆத்தா வாங்கிக்கொண்ட சூடு

ஏப்ரல் 4, வெள்ளி

காலையில் பனி, பிறகு மழை. மருந்து வாங்கக் கந்தப்பளை டவுனுக்குப் போக வேண்டும். போகவில்லை. இடது கால் செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் குழாயடி வரை நடந்திருக்கிறேன். லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் ராணி எடுத்து வந்தாள். "அண்ணே, செருப்ப விட்டுட்டு எங்க, வேலைப் பெரட்டுக்கா போறீங்க?" சிரிப்பு வேறு.

வியாழன் கொழும்பில் மெடிக்கல் போர்ட். ஆமியில் லொறி ஓட்டிய காலத்தில் கேம்பிலேயே பிடித்த சீனி வருத்தம், சர்க்கரை வியாதி. அதனால்தான் கால் செத்தது என்று ஒத்துக்கொண்டால் ஊனக் கொடுப்பனவு. இல்லாவிட்டால் பாக்கியம் ஒருத்தி தேயிலைக் கொழுந்து பறித்துத்தான் இரண்டு வயிறும், என் மருந்தும். கட்டினவள் முதுகில் கூடை, நான் அடுப்படியில் குந்திக்கொண்டு. தூ.

இதற்கிடையில் ஆட்டை நேர்ந்துவிடுவதுபோல என்னை அம்மனுக்கு நேர்ந்து விட்டிருக்கிறாள். ஞாயிறு தீமிதிப்பில் நான் இறங்க வேண்டுமாம். வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று கிளினிக் நர்ஸ் சொன்னதைச் சொன்னேன்.

"அந்த நர்ஸா ஒங்களுக்கு கொடுப்பனவு வாங்கித் தரப்போறா? ஆத்தா தாங்க தரணும்."

பூசாரி வந்து காப்பும் கட்டியாயிற்று.

ஏப்ரல் 6, ஞாயிறு

மழை விட்டது. மஞ்சள் வேட்டி. பகல் முழுக்கப் பட்டினி.

இறங்கினேன். சுடவே இல்லை! மற்றவர்கள் ஓடினார்கள், நான் நடந்தேன். நடுவில் நின்று கும்பிடவும் செய்தேன். 'ஆமிக்காரன்' என்று ஒதுங்கிப் பேசுகிற லயத்துச் சனமே காலில் விழுந்தது. கேம்பில் நான் தமிழன். இங்கே ஆமிக்காரன். இன்று ஒரு நாள் சாமி.

பாக்கியம் அழுகிறாள். "பாத்தீங்களா, ஆத்தா சூட்ட வாங்கிக்கிட்டா! கொழும்புலயும் கைவிடமாட்டா, பாருங்க."

நானும் அழுதேன். நம்பினேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

கொழும்புக்கு: கிளினிக் கொப்பி, ஆமி கார்ட், வெள்ளைச் சட்டை, பிஸ்கட்.

இடது காலில் போட்டிருந்த மேஸ் ஈரம். மழைத் தண்ணீர் என்று காயப்போட்டேன். பாக்கியம் எடுத்து மோந்து பார்த்துவிட்டு என் காலைத் திருப்பினாள். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம் உடைந்து கிடக்கிறது. வலி? இல்லை. வலிக்கவில்லையே என்று அவளுக்கும் தைரியம். மஞ்சள் அரைத்துப் பூசினாள். "ஆத்தா குடுத்த புண்ணு, ஆத்தாவே ஆத்திருவா."

சோறு இறங்கவில்லை. லேசாகக் காய்ச்சல்.

ஏப்ரல் 10, வியாழன்

முதல் பஸ். கொழும்பில் வெக்கை. மூன்று டாக்டர்கள். பேச்செல்லாம் சிங்களம், அது எனக்குத் தண்ணிபட்ட பாடு. காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்ததும் இரண்டு பேர் மூக்கைப் பொத்தினார்கள். பெரியவர் மட்டும் என்னைக் கண்ணை மூடச் சொன்னார்.

"குத்துவது தெரிகிறதா?"

"எப்ப குத்தினீங்க, சேர்?"

ஊசியைக் கீழே வைத்தார். புண் எப்படி வந்தது என்றார்; தீமிதித்ததைச் சொன்னேன். கோபம் இல்லாமல்தான் பேசினார். கேம்பில் வந்த சீனி, அதில் செத்த நரம்பு, அதை எழுதியே கொடுத்திருப்பாராம். இப்போது காலே போகப்போகிறதாம். "உணர்ச்சியில்லாத காலை நெருப்பில் வைத்தது யார்? ஆமியா?"

எழுதிவிட்டார்கள்: சொந்தச் செயலால் வந்த காயம். கொடுப்பனவு இல்லை. உடனே ஆஸ்பத்திரி வாட்டில் படுக்கச் சொன்னார்கள். நுவரெலியாவில் படுத்துக்கொள்கிறேன் என்று வந்துவிட்டேன்.

பஸ்ஸில் முழுக்க இதே நினைப்பு. கால் மரத்துப்போச்சு என்று மனுப் போட்டவன் நான். அதே கால் சுடவில்லை என்றதும் சாமி என்றவனும் நான். மடையன். பஸ் கவிழ்ந்தால் நல்லது என்று தோன்றியது. மற்றவர்கள் என்ன பாவம் செய்தார்கள்.

ஏப்ரல் 11, வெள்ளி

லயத்தில் பலகாரம் சுடும் வாசம். வருசப் பிறப்பு வருகிறது. நாளைக் காலை நுவரெலியா ஆஸ்பத்திரி. முழங்காலுக்குக் கீழே எடுப்பார்கள்.

கொடுப்பனவு இல்லை என்று மட்டும் பாக்கியத்திடம் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. கேட்டால் செத்தே போவாள்.

குழாயடியில் அவள் குரல்: "போனா போகுது ராணி. நெருப்பே சுடாத காலு. ஆத்தா தனக்குன்னு கேக்குறா."

இப்போது பேசின் சட்டியைக் கொண்டுவந்து வைத்து, என் காலை அதில் விட்டு, கேத்தலோடு வெந்நீர் ஊற்றுகிறாள். போகிற கால் சுத்தமாகப் போகட்டுமாம். ஆவியில் அவள் முகம் தெரியவில்லை.

"சூடு பதமா இருக்குதாங்க?"

"பதமா இருக்கு பாக்கியம். இன்னும் கொஞ்சம் ஊத்து."