பெயர் சொல்லாத குரல்

விருதுநகர்,
12.11.2007

அன்புத் தங்கச்சிக்கு,

சிவகாசியின் அன்றாட ஓசைகளை வானொலிக்காகப் பதிவு செய்தபோது, நாரணாபுரத்தில் நீ வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனிக்கும் வந்தேன். திரி வெட்டும் சத்தத்துக்கு நடுவே நீ சொன்னாய்: "அண்ணே, எங்க போர்மேன் குறட்டையையும் புடிச்சுக்கிடுங்க. சாப்பாட்டுக்குப் பெறகு வாங்க, அணுகுண்டு வெடியே தோத்துரும்!" எல்லோரும் சிரித்தீர்கள்.

அதை நான் வெட்டியிருக்கலாம். நிகழ்ச்சியிலேயே உயிருள்ள இடம் அதுதான் என்று வைத்துக்கொண்டேன். உன் பெயரைச் சொல்லவில்லை. முப்பது வருடச் செய்தியாளனுக்கு அதுவே போதுமென்று தோன்றியது. உன் குரலை ஊரே அறியும் என்பது உறைக்கவில்லை. ஒலிபரப்பான மறுநாள் காலையிலேயே போர்மேன் உன்னை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்.

தீபாவளிக்கு நான் உன் வீட்டுக்கு வந்தபோது நீ என்னைக் குறை சொல்லவில்லை. "பையில மிசினு இருக்காண்ணே?" என்று மட்டும் கேட்டாய். இல்லை என்றேன். அதற்குப் பிறகுதான் வேலை போனதைச் சொல்லி அழுதாய்.

ஒலிப்பதிவுக் கருவி பையில்தான் இருந்தது. ஓடவில்லை. அதை நீ நம்ப வேண்டிய அவசியமில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதலில் போர்மேனைப் பார்த்து, ஒலிபரப்பியது என் தப்பு என்று சொல்லப்போகிறேன். பிறகு உன் வீட்டுக்கு வருவேன், பை இல்லாமல். நீ பேசாவிட்டாலும் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன்.

உன் அண்ணன்