‘நிக்குமா?’ என்று கேட்டவருக்கு நீ சொன்ன பதில்

என் பிரியத்துக்கும், இன்றைக்கு என் கோபத்துக்கும் உரிய பேச்சியக்காவுக்கு,

நம் சமுதாயக் கல்லூரியின் ஆண்டு மலரில் முதல் பக்கத்தில் உன் படத்தைப் போடுகிறார்கள். பக்கத்திலேயே ஓர் அஞ்சலி வேண்டுமாம். "ஒங்க அக்காதானே, நீங்களே எழுதிக் குடுத்துருங்க கனி" என்று டைரக்டர் மேடம் சொல்லிவிட்டார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். ‘புன்னகை மாறாதவர்’, ‘எளிய பெண்களின் ஏணி’ என்று எழுதி எழுதி நாலு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. அதையெல்லாம் படித்தால் நீயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய். அதனால் உன்னிடமே நேராகக் கேட்டுவிடுகிறேன். மலர் படிக்கிறவர்கள் கேட்டுக்கொண்டு போகட்டும்.

என்னைப் பற்றி ஏன்க்கா அப்படிச் சொன்னாய்?

முதலிலிருந்து வருகிறேன். நீ பெரியம்மா மகள், நான் சித்தி மகள். ஒரே தீப்பெட்டி ஆபீஸில் எதிரெதிரே உட்கார்ந்து சட்டத்தில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தோம். ஒருநாள் நீதான் வந்து சொன்னாய். "ஏட்டி கனி, பத்தாவது பெயிலானவளையும் சேத்துக்கிடுதாவளாம். ஒரே வருசம். கையில தொழிலோட வெளிய வந்துரலாம்." எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. இந்த வயசில் காலேஜா என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய்.

அந்தக் கல்லூரியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. முதல் இரண்டு மாதம் புத்தகத்தையே தொட விடவில்லை. எதிரில் இருப்பவரைப் பார்த்துப் பேசுவது, பேங்கில் படிவம் நிரப்புவது, தெரியாததைத் தெரியாது என்று சொல்வது என்று அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு நீ கம்ப்யூட்டருக்குப் போனாய், நான் மோட்டார் காயில் கட்டப் போனேன். எரிந்துபோன ஒரு மோட்டாருக்கு நானே கம்பி சுற்றி, வார்னிஷ் காய்ந்து, அது ஓடின அன்றைக்கு, நீ வகுப்புக்கு வெளியே நின்று கை தட்டினாய். உள்ளே இருந்த ஆண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

படிப்பு முடிந்ததும் உன்னைக் கல்லூரியே வைத்துக்கொண்டது. அதன் பிறகு உன் ஸ்கூட்டர் போகாத ஊர் ஏது? கயத்தாறு, இடைசெவல், மணியாச்சி, மழை பெய்தால் சக்கரத்தில் கரிசல் அப்பிக்கொண்டு நகர மறுக்கும் அத்தனை பாதைகளும். தாய்மாரிடம் உட்கார்ந்து, "ஒரு வருசம் எங்கிட்ட விடுங்க, பெறவு பாருங்க" என்று பேசிப் பேசிப் பிள்ளைகளைக் கூட்டி வருவாய். படித்து முடித்தவர்களை மில்லிலும் ஆஸ்பத்திரியிலும் கடலை மிட்டாய்க் கம்பெனியிலும் கொண்டுபோய்ச் சேர்ப்பாய். இன்றைக்குக் கோவில்பட்டியில் எந்தக் கதவைத் திறந்தாலும் நம் பிள்ளை ஒருத்தி நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கிறாள். அதில் பாதி உன் உழைப்பு. இதை நான் மறுத்தால் என் நாக்கு அழுகிவிடும்.

இனி மற்றதைச் சொல்கிறேன்.

நான் படித்து முடித்த மாதத்தில்தான் என் வீட்டுக்காரர் என்னையும் பிள்ளையையும் விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போய் வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். அம்மா வீட்டுக்கு வந்தேன். இரண்டாம் வாரமே தம்பி பாத்திரத்தைத் தூக்கிப் போட ஆரம்பித்தான். ஒரு மத்தியானம் கல்லூரி மாடிப்படியில் நாம் இருவரும் சாப்பிட உட்கார்ந்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. "எனக்குப் போக எடமே இல்லக்கா" என்று உன்னிடம் சொன்னேன். உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். பெற்றவளிடம்கூட அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. நீ முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "நான் இருக்கேம்லாட்டி" என்றாய். பத்து நாளில் ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரிக்கல் பிரிவில் எனக்கு வேலை கிடைத்தது. உன்னைக் கும்பிட்டேன்.

அந்த வேலைக்கு என்னோடு சேர்ந்தவள் முத்துலட்சுமி. ஒரே வகுப்பு, ஒரே சான்றிதழ். இருவரும் ஹெல்பராகத்தான் ஒரே நாளில் உள்ளே போனோம். பழுது எங்கே என்று தேடிப் பிடிக்க அவளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒரு வருஷத்தில் அவளை ஒயர்மேன் ஆக்கினார்கள். நான் ஒன்பது வருஷம் ஹெல்பர். ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்பேன், மேலே நிற்பவனுக்கு எந்தக் கம்பியைக் கழற்ற வேண்டும் என்று நான்தான் சொல்லுவேன். உன்னிடம் வந்து புலம்புவேன். "ஒனக்கு வாய் பத்தாதுட்டி, அதான்" என்பாய். நானும் நம்பினேன். கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகிக்கூடப் பார்த்தேன். கோயம்புத்தூர் பம்புக் கம்பெனி ஒன்று ஆள் எடுக்க நம் கல்லூரிக்கு வந்தபோது என் பெயரையும் கொடு என்று கேட்டேன். "சின்னப் பிள்ளைய வச்சுக்கிட்டு அங்கன போய் என்ன செய்வ? இப்ப வேண்டாம்" என்று சொல்லிவிட்டாய். அதையும் நம்பினேன்.

நாலு நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய். பதினாறாம் நாள் கழிந்து கல்லூரியில் உனக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். எங்கள் மில் மேனேஜர் அண்ணாச்சியும் மாலையோடு வந்திருந்தார். உனக்குத்தான் தெரியுமே, அவர் கெட்ட மனுஷர் இல்லை. உன் படத்தைப் பார்த்துக் கண்கலங்கித்தான் மைக்கைப் பிடித்தார்.

"பேச்சியம்மா அனுப்புன பிள்ளையில ஒண்ணு சோடை போனதில்ல. நான் போன் போட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன், நிக்குமான்னு. உள்ளதச் சொல்லிரும். முத்துலட்சுமிக்கு, ‘அவ நிக்க மாட்டா அண்ணாச்சி, ஓசூருக்குப் போறேன்னு துடிக்கா, பாத்து வச்சுக்கிடுங்க’ன்னுச்சு. போயிருவாளோன்னு பயந்து ஒரு வருசத்துல ஒயர்மேன் போட்டேன். அப்பவும் ரெண்டு வருசத்துல போயிட்டா. இந்தா நிக்காளே கனி, இவளுக்கு என்ன சொல்லுச்சு தெரியுமா? ‘அவ எங்கயும் போக மாட்டா அண்ணாச்சி, அவளுக்குப் போக எடமே கிடையாது’ன்னு சொல்லுச்சு. ஒம்பது வருசமாச்சு. இன்னும் எங்ககூடத்தான் இருக்கா!"

எல்லோரும் கை தட்டினார்கள்க்கா. டைரக்டர் மேடம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உன் படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

உனக்கு வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா? நன்றாக வேலை செய்வாள் என்று சொல்லியிருக்கலாம். எரிந்த மோட்டாரை ஓட வைத்தாள் என்று சொல்லியிருக்கலாம். மாடிப்படியில் நான் உன் மடியில் போட்ட வார்த்தையை எடுத்து அப்படியே அவர் கையில் கொடுத்திருக்கிறாய். எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னாய், அதில் சந்தேகமில்லை. அந்த வார்த்தையால்தான் எனக்கு வேலை கிடைத்தது. அந்த வார்த்தையால்தான் நான் ஏணிக்குக் கீழேயே நின்றேன். வாய் பத்தாது என்று என்னையே பழி சொன்னாயே, அப்போதாவது உனக்கு உறுத்தியதா? அக்காவாக இருந்தாலும் சொல்கிறேன், நீ செய்தது துரோகம்தான். செத்துப்போனவளைத் திட்டுகிறேனே என்று ஊர் என்னைச் சொல்லும். சொல்லிக்கொள்ளட்டும்.

மறுநாள் மேனேஜரிடம் போய் ஒயர்மேன் இடம் கேட்டேன். "இப்ப என்ன அவசரம் கனி, நீ எங்க போயிறப் போற?" என்று அன்பாகத்தான் கேட்டார். மாதக் கடைசியோடு வேலையை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். கையெழுத்துப் போடும்போது வீட்டுக் கணக்கெல்லாம் மனசில் ஓடியது உண்மை. என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள், தம்பியும் மாறவில்லை, வாடகை வீட்டுக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான்.

அந்த வாரமே டைரக்டர் மேடம் கூப்பிட்டு விட்டார்கள். வைண்டிங் வகுப்பும் எடுக்க வேண்டும், உன் நாற்காலியிலும் உட்கார வேண்டும் என்றார்கள். எல்லாம் பேசி முடித்துவிட்டு, "நிப்பீங்களா கனி?" என்றார்கள் பாரேன்! அவர்களுக்கும் அதே கேள்விதான் வருகிறது. "வேலைய ஒழுங்காச் செய்வேன் மேடம். நிப்பேன்னு மட்டும் இப்பவே சொல்ல மாட்டேன்" என்றேன். மேடம் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக் கொடுத்தார்கள். உன் ஸ்கூட்டர்தான். பிரேக் இன்னும் சரியாகப் பிடிப்பதில்லை.

இப்போது உன் மேசைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதே போன், அதே நம்பர். போன மாதம் மாரீஸ்வரி என்று ஒரு பிள்ளை என்னிடம் வந்து அழுதாள். இடைசெவல் பக்கம். காயில் கட்டுவதில் என்னை விடக் கெட்டி. மாமனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம், வீட்டில் சேர்க்க மாட்டோம் என்றுவிட்டார்கள். கூடப் படிக்கிற பிள்ளை வீட்டில் இருக்கிறாள். "இனி எனக்குப் போக்கிடம் இல்லக்கா" என்றாள். நான் அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் அண்ணாச்சி போன் போட்டார். "கனியா? நல்லாருக்கியா? ஒன் எடம் காலியாவே கெடக்கு. எலக்ட்ரிக்கலுக்கு ஒரு பிள்ளை வேணும்."

"இருக்கு அண்ணாச்சி. மாரீஸ்வரின்னு ஒரு பிள்ளை. வேலை சுத்தமா இருக்கும்."

"அது கெடக்கட்டும். நிக்குமா?"

அக்கா, அந்த வாக்கியம் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எவ்வளவு லேசாக வந்தது தெரியுமா? சொன்னால் அன்றைக்கே வேலை. அவள் சாயங்காலம் சிரித்துக்கொண்டு போவாள், என்னைக் கும்பிடுவாள். நீயும் இப்படித்தானே உட்கார்ந்திருப்பாய் என்று நினைத்தேன். வாயை இறுக்கிக்கொண்டேன்.

"வேலை செய்வாளான்னு கேளுங்க, சொல்லுதேன். நிக்கிறதும் போறதும் நீங்க வச்சுக்கிடுததப் பொறுத்தது. பழகுனதும் ஒயர்மேன் ஆக்குவோம்னு எழுதிக் குடுங்க, நாளைக்கே கூட்டிட்டு வாரேன். ஏணி பிடிக்கதுக்கே வேணும்னா ஆள் இல்ல அண்ணாச்சி."

"ஒங்க அக்கா இப்படில்லாம் பேச மாட்டா" என்றார்.

"தெரியும் அண்ணாச்சி" என்றேன். போனை வைத்துவிட்டார்.

பதினோரு நாள் ஆகிறது, அவர் கூப்பிடவில்லை. வருஷா வருஷம் நம் பிள்ளைகளில் பாதிப் பேரை எடுக்கிற மில் அது. பயமாகத்தான் இருக்கிறது. நடந்ததை மாரீஸ்வரியிடம் மறைக்காமல் சொன்னேன். "நிக்கும்னே சொல்லியிருக்கலாம்லாக்கா? ஒங்களுக்கு வேலை இருக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. கயத்தாற்றுக் காற்றாலை ஆபீஸில் நாலு தடவை போய்ப் பேசியதில், புதன்கிழமை வந்து வேலை செய்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். உன் ஸ்கூட்டரில் அவளைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போகிறேன். எடுப்பார்களா என்று தெரியாது.

இந்தக் கடிதத்தை மலரில் போடுவார்களா என்பதும் தெரியாது. போட்டாலும் போடாவிட்டாலும் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்த நாற்காலியில் நான் இருக்கிற வரை, பிள்ளைகள் என்னிடம் அழுது சொன்னது எதுவும் அந்தப் போன் வழியாக வெளியே போகாது. உன் மேல் உள்ள கோபம் இன்னும் தீரவில்லை. தீர்ந்தால் நானே வந்து சொல்கிறேன், அதுவரை நீ சமாதானம் பேச வராதே.

இப்படிக்கு,
போக இடம் உள்ள
உன் சித்தி மகள்
சண்முகக்கனி